"எந்திரிக்க முடியாது" என்று நான் சொன்னது எதற்காக

வடக்கனந்தல்,
ஞாயிற்றுக்கிழமை.

சங்கராபுரத்தில் குடியிருப்பவரும், அரசுப் பணியில் ஒருவரிடம்கூடக் கெட்ட பெயர் வாங்காமல் ஓய்வுபெற்றவருமான என் மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. இளஞ்செழியன் அவர்களுக்கு, வடக்கனந்தல் ராஜாங்கம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. (சம்பந்தி என்று போடலாமா கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். வேண்டாம் என்று நீங்கள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால் போட்டுவிட்டேன்.) இவ்விடம் நான், என் மனைவி சின்னப்பொண்ணு, மகள் ரம்யா ஆகிய மூவரும், என் வலது முட்டி நீங்கலாக, சுகம். அவ்விடம் தாங்களும், மணிமொழி அம்மாளும், மாப்பிள்ளை சிவசங்கரும் சுகமாக இருக்க வேண்டும் என்றும், தங்கள் கோபம் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும் என்றும் குலதெய்வத்துக்கு முடிந்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை தாங்கள் போனில் கூப்பிட்டு, "ரோட்ல உக்கார்ற குடும்பத்துல பொண்ணு எடுக்கலாமான்னு நாங்க யோசிக்கணுங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் விளக்கம் பேசி அனுப்பினேன். அதைத் தாங்கள் கேட்கவில்லை என்று ரம்யா சொன்னாள். ஆகவேதான் இந்தக் காலத்தில் கடிதம். செல்போனில் ஓடுகிற அந்த வீடியோவில் நான்கு போலீஸ்காரர்கள் கை கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் தெரிகிற வீரம் என்னுடையது அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுகிறேன்.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். என் கரும்புக்காட்டுக்குப் போகிற வரப்பில் பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டைக் கட்டியிருந்தால், மாடு படுத்திருக்கிறதே, எழுப்புவானேன் என்று சேற்றில் இறங்கிச் சுற்றிப் போகிறவன் நான். சலூனில் ஒரு பக்க மீசை குறைந்துபோனால், அங்கே ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மறுபக்கத்தையும் நானே குறைத்துக்கொள்கிறவன். வீட்டிலும் நான் குரல் உயர்த்தியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். உயர்த்துவதற்கு அங்கே இடமும் இல்லை. இப்படிப்பட்டவன் செவ்வாய்க்கிழமை மலை ரோட்டில் எதற்காக உட்கார்ந்தேன் என்றால், அதற்கு மூலகாரணம், சொல்ல வாய் கூசுகிறது, தங்கள் வீட்டு அம்மாள்தான். மணிமொழி அம்மாளுக்கு மலைப் பலாப்பழம் என்றால் உயிர் என்று மாப்பிள்ளை ரம்யாவிடம் சொல்ல, ரம்யா அவள் அம்மாவிடம் சொல்ல, அவள் அம்மா என்னிடம் சொன்னாள். என்னிடம் வந்து சேரும்போது அது உத்தரவாகிவிட்டது. "நிச்சயத்துக்கு மலப்பலா இல்லன்னா மூஞ்சில முழிக்காத" என்றாள். கல்வராயன்மலையில் எனக்கு மூக்கன் என்று ஒரு சிநேகிதன் உண்டு. சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவன். எங்கள் பக்கத்துச் சந்தைக்கு வரும்போதெல்லாம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அவன் கொல்லையில் நல்ல பலா இரண்டு நிற்கிறது. நிச்சயத்துக்குச் சொன்னது போலவும் ஆயிற்று, பழமும் ஆயிற்று என்று, சலவை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் துண்டு சகிதம் மலை பஸ்ஸில் ஏறினேன். சுபகாரியம் சொல்லப் போகிறவன் வேறு எப்படிப் போவது? அந்த வெள்ளைத்துணிதான் எனக்கு எமனாக வந்தது.

மலையில் பாதி தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "மறியல்பா, இனிமே எப்ப எடுப்பேன்னு என்னைக் கேக்காதீங்க" என்று ஸ்டியரிங்மேல் தலை வைத்துப் படுத்துவிட்டார். இறங்கிப் பார்த்தால், வளைவில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கிறது. நட்டநடுவில் ஒரு கயிற்றுக்கட்டில், அதன் நாலு காலிலும் தூக்குவதற்கு மூங்கில் கட்டியிருக்கிறது. கட்டிலில் யாரும் இல்லை. பக்கத்தில் மூக்கன். அப்பாடா, நம்ம ஆள் இருக்கிறான், பழத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கூட்டத்துக்குள் நுழைந்தேன். வெள்ளை வேட்டியில் ஒருவன் நேராக நடந்து வருவதைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து கும்பிட்டது. சாலம்மாள் என்கிற அம்மாள், அவர்தான் அந்த மறியலுக்குத் தலைவி, "வாங்க சார், காலையிலேர்ந்து ஒங்களுக்குத்தான் காத்துக்கினு கெடக்குறோம்" என்று ஒரு மனுவை என் கையில் திணித்துவிட்டார். நீட்டிய காகிதத்தை வாங்காமல் இருப்பது மரியாதையில்லை என்று வாங்கிக்கொண்டேன். "நான் அதிகாரி இல்லம்மா, மூக்கனுக்குத் தெரிஞ்சவன், பலாப்பழத்துக்கு வந்தேன்" என்றதும் அந்த அம்மாள் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வந்தவனை நிற்க வைக்கக் கூடாது என்று, "அதுக்கென்னா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தன் துண்டை விரித்தார். உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த ஒரே காரியம். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

அவர்கள் கேட்டது ஒரு பாலம். மூக்கன் ஊருக்கும் இந்த ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. மழை விழுந்தால் தண்ணீர் மார்பளவு வரும். அப்போது ஊர் தனி, உலகம் தனி. நோயாளியைக் கட்டிலில் வைத்துத் தூக்கித்தான் கடக்க வேண்டும். போன வாரக் கோடைமழையில் மூக்கனின் மருமகள் தனுஷாவுக்கு வலி எடுத்து, கட்டிலோடு தூக்கி வந்து, ஓடை இறங்காததால் அந்தக் கரையிலேயே பிரசவம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணும் கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போன சாலம்மாள் மைக்கை என் பக்கம் நீட்டி, "நீங்க ஒரு தடவ போடுங்க, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடிக்கணும்" என்றார். தண்ணீர் குடிக்கக் கேட்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வாங்கினேன். என் மனதில் காலையிலிருந்து இருந்ததோ ஒன்றே ஒன்று. "வேண்டும் வேண்டும், பலா..." என்று வாயில் வந்துவிட்டது. சட்டென்று திருத்தி, "பாலம் வேண்டும்" என்றேன். கூட்டம் நான் சொன்னதை அப்படியே வாங்கி, "வேண்டும் வேண்டும், பலாப் பாலம் வேண்டும்!" என்று மலை அதிரச் சொன்னது. திருத்தப் பார்த்தேன். ஜனங்களுக்கு அது வாய்க்கு நன்றாக வந்துவிட்டது, விடவில்லை. தாங்கள் பார்த்த வீடியோவில் அந்தக் கோஷம் கேட்டிருக்கும். அதற்கு உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நூறு அழுக்குச் சட்டைக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டை, கையில் மனு, வாய்க்கு நேராக மைக். வேறு யாரைத் தலைவன் என்று நினைப்பார்?

"யாருய்யா நீ? எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லீங்க சார். பலாப்பழத்துக்கு வந்தேன்."

அவர் பக்கத்திலிருந்த ஏட்டைத் திரும்பிப் பார்த்து, "பலாப்பழம் எவன்யா சின்னம்?" என்று கேட்டார். ஏட்டு கொஞ்சம் யோசித்து, "சுயேச்சையா இருக்கும் சார்" என்றார்.

"சரி, எந்திரி. எந்திரிச்சா இவங்க எல்லாரும் எந்திரிப்பாங்க. எந்திரி" என்றார் இன்ஸ்பெக்டர். சம்பந்தி அவர்களே, நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் வலது முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. கையை ஊன்றினேன், பக்கவாட்டில் சாய்ந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வலி உச்சந்தலைக்கு ஏறியது. அந்த வலியில் கொஞ்சம் சத்தமாகவே, "எந்திரிக்க முடியாது சார்!" என்று கத்திவிட்டேன். என் உடம்பின் நிலவரத்தை அவருக்குத் தெரிவித்தேன், அவ்வளவுதான். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். மலை முழுக்க எதிரொலித்தது. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், பஸ்ஸுக்குள் தூங்கிய டிரைவரே இறங்கி வந்து தட்டினார். "எங்க ஆளு சொல்லிட்டாரு, நாங்களும் எந்திரிக்க முடியாது!" என்று சாலம்மாள் எழுந்து நின்று சொன்னார். இன்ஸ்பெக்டர் குனிந்து என் காதருகே, "என்னா சொன்ன?" என்று பல்லைக் கடித்துக் கேட்டார். "முட்டி சார், முட்டி" என்றேன். அவர் அதை, முட்டிக்கு முட்டி தட்டிப் பார் என்று நான் சவால் விடுவதாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நால்வர் வந்து தூக்கினார்கள். வீடியோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு போவதைச் சிரிப்பு என்று ஊரில் சொல்கிறார்கள், அது வலி.

எங்களை எல்லாம் வேனில் ஏற்றி அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் அங்கே யாருக்கோ முகூர்த்தம். மேடை ஜோடனையெல்லாம் முடிந்து, சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டும் போட்டுவிட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் மறுபடியும் என்னைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நான் போய் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால், காலையிலிருந்து ரோட்டில் உட்கார்ந்து கால் வீங்கிப்போன சாலம்மாள் அதில் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு பையன் அதைப் போட்டோ எடுத்து, "போராளி தம்பதி" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டான். தங்கள் குடும்ப குரூப்பில் அதுவும் வந்ததாக மாப்பிள்ளை ரம்யாவிடம் சொன்னாராம். அந்த அம்மாளுக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. அந்தப் படத்துக்கும் எனக்கும் நாற்காலி சம்பந்தம் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

படம் தங்களுக்கு வருவதற்கு முன்பே சின்னப்பொண்ணுவுக்கு வந்துவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு வந்தவள், வாசலில் நின்ற போலீஸ்காரரையே ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "பலாப்பழம் வாங்கியாந்து குடுன்னா, இங்க வந்து மாலைக்குக் காத்துக்கினு இருக்கியா?" என்று கேட்ட கேள்வியில் மண்டபமே சிரித்தது. சாலம்மாள் எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்து, "யக்கா, ஒன் வூட்டுக்காரர நீயே வெச்சுக்கோ, எங்களுக்குப் பாலந்தான் வேணும்" என்றார். அதற்குள் போலீஸ் தரப்பில் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. தனுஷா சாப்பிட வேண்டும் என்று குழந்தையைச் சின்னப்பொண்ணு கையில் வாங்கிக்கொண்டாள். கையில் வாங்கியவள், "எந்த ஆஸ்பத்திரியிலம்மா பொறந்துச்சு?" என்று பேச்சுக்குக் கேட்டாள். அந்தப் பெண் நடந்ததைச் சொன்னது. கொட்டுகிற மழை, நாலு பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டி நிற்க, அக்கரையில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒன்றும் செய்ய முடியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, கல்லுப்பாறையில் பிறந்த குழந்தை. என் மனைவி அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

மூக்கன் மட்டும் சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். "சாப்புடுறா" என்றேன். அவன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஐப்பசியில தம்பி போயிட்டான் அண்ணே. முருகவேலு. பாம்பு." ஐப்பசிக்குப் பிறகு அவன் சந்தைப் பக்கமே வராததால் எனக்குத் தெரியாது. முருகவேலை எனக்குத் தெரியும். சந்தைக்கு அண்ணனோடு வருவான், சின்னப்பொண்ணு வைக்கிற மீன்குழம்புக்காகவே வருவதாகச் சொல்வான். "இதே கட்டில்லதான் தூக்கியாந்தோம். ஓடை ரெண்டு பக்கமும் பொரண்டு ஓடுது. ஆம்புலன்ஸு வந்து நின்னுக்கினுதான் இருந்துச்சு அண்ணே, நாங்க இந்தக் கரையில, அது அந்தக் கரையில. அந்தச் செவப்பு லைட்டு சுத்துறத அவனே பாத்தான். வண்டி வந்துடுச்சுல்ல, இனிமே பயமில்லன்னு என் கையப் புடிச்சுக்கினு சொன்னான். தண்ணி எறங்கறதுக்குள்ள போயிட்டான்." அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டான். நான் தண்ணீர் எடுத்துவரப் போவது போல எழுந்து போய், தண்ணீர் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். காலையில் இருந்த ஆள் இல்லை. என்னைப் பற்றி எங்கள் ஊரில் விசாரித்திருக்கிறார். வரப்பு, மாடு, மீசை எல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கும் போல. பக்கத்தில் வந்து மெதுவாக, "பெரியவரே, தப்பா நெனச்சுட்டேங்க. ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. வூட்டம்மாவக் கூட்டிக்கினு பின்வாசல் வழியா கெளம்புங்க. கேஸுல பேர் இல்லாம பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். நான் அதைத்தான் காலையிலிருந்து எதிர்பார்த்தேன். மூக்கன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று. நான் இன்ஸ்பெக்டரிடம், "முடியாது சார்" என்றேன். சம்பந்தி அவர்களே, இந்தக் கடிதத்தில் தங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன். அப்போது முட்டி நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பெரிய அதிகாரி வந்தார். வந்தவர், "ஒங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு, கலைஞ்சு போங்க" என்றார். கூட்டம் சாலம்மாளைப் பார்த்தது, சாலம்மாளுக்குத் தொண்டை கட்டிக் குரல் வரவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த சின்னப்பொண்ணு எழுந்தாள். அந்த எழுந்திருப்பை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"சார், ஒங்க வூட்டம்மா எங்க புள்ள பெத்தாங்க?"

"ஏம்மா, அதெல்லாம் இங்க எதுக்கு?"

"ஆஸ்பத்திரியிலதான? ஃபேனுக்குக் கீழதான? இந்தப் பொண்ணு ஓடக்கரையில பாறமேல பெத்துச்சு. இது பரிசீலனையில இருந்துக்கினா பொறந்துச்சு? வந்து அந்த எடத்தப் பாருங்க. என்னிக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க. சொல்லாம இந்தப் புள்ளய நான் கீழ எறக்கறதா இல்ல."

அதிகாரி பாவம், நல்ல மனுஷன்தான். அவருக்கும் வீடு வாசல் இருக்கும், எங்கள் வீட்டம்மாளைப் போல் ஒருவர் அங்கும் இருக்கக்கூடும். வெள்ளிக்கிழமை எஞ்சினியரை அனுப்புவதாகவும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாகவும் எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னபடியே வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வந்தார். ஓடையில் இறங்கி டேப் பிடித்து அளந்தார். இறங்கும்போது வழுக்கி இடுப்பு வரை நனைந்தும் போனார். மூக்கன் அவருக்கு மாற்றிக்கொள்ள வேட்டி கொடுத்து, எனக்கென்று வைத்திருந்த பலாப்பழத்தை அறுத்து அவருக்கே கொடுத்துவிட்டான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆக, காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனிமேல் இப்படி ஒன்று என் வாழ்நாளில் நடக்காது என்று தங்களுக்கு உறுதி சொல்கிறேன். ரோட்டில் உட்கார மாட்டேன். மைக் கொடுத்தால் வாங்க மாட்டேன். வெள்ளை உடுத்தினால் வீட்டைவிட்டு வெளியே போக மாட்டேன். சின்னப்பொண்ணுவும் இனிமேல் அதிகாரிகளிடம் பேச மாட்டாள் என்று அவள் சார்பில் நானே உறுதி சொல்கிறேன். அவளிடம் இதை இன்னும் கேட்கவில்லை, நல்ல நேரம் பார்த்துக் கேட்கிறேன். ரம்யா இதிலெல்லாம் பட்டுக்கொள்ளாத பெண். படிப்பு, வேலை, வீடு என்று இருக்கிறவள். தாங்கள் பெரிய மனது வைத்து, ஆனி முடிவதற்குள் குறித்த நிச்சயதார்த்தத்தை அதே நாளில் நடத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை சிவசங்கருக்கு என் ஆசிகள். அவர் நீண்ட ஆயுளோடும், அமைதியான மாமனாரோடும் வாழ வேண்டும். மணிமொழி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பலாப்பழத்தை எப்படியும் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன் என்று அவர்களிடம் சொல்லவும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
பணிவுள்ள,
ராஜாங்கம்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் சில விஷயங்கள் நடந்துவிட்டன. நேற்று அந்தப் பெரிய அதிகாரியின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பழைய வரைபடத்தில் பார்த்தார்களாம். அந்த இடத்தில் ஓடையே இல்லையாம். இல்லாத ஓடைக்குப் பாலம் கட்ட விதியில் இடமில்லையாம். அங்கே நனைந்து போன எஞ்சினியரே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்று காலை மூக்கன் ஊர் ஜனங்கள் அந்த ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், இது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள் என்று. சின்னப்பொண்ணு முதல் வரிசை. ரம்யாதான் மைக். காலையில் தங்கள் வீட்டு அம்மாள் மாப்பிள்ளையின் வண்டியில் வந்து இறங்கினார்கள், நிச்சயத்தை முறிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன், அவர்களோ, "பாறமேல பெத்த பொண்ணு எங்க? நான் பாக்கணும்" என்றார்கள். இப்போது அவர்களும் அங்கேதான், மாப்பிள்ளையும் அங்கேதான். தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று மணிமொழி அம்மாளிடம் சொன்னேன். "கடுதாசியா? அந்த வீடியோவப் பாத்த கோவத்துல கண்ணாடியக் கழட்டி வீசி ஒடச்சிட்டு ஒக்காந்திருக்காரு. எத வெச்சுப் படிப்பாரு? நேர்ல போய் கூட்டியாங்க" என்றார்கள். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. நானே எடுத்துக்கொண்டு சங்கராபுரம் பஸ்ஸில் ஏறுகிறேன். தாங்கள் கதவைத் திறந்தால் உள்ளே வந்து படித்துக்காட்டுவேன். திறக்காவிட்டால், திறக்கும்வரை தங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவதாக உத்தேசம்.